ஒரு நாள் என்பது ஒரு வாரம்

கல்லூரியில் எல்லோரும் அவளைக் கறார் அக்கா என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமில்லை, முகத்துக்கு நேராகவும். கல்விப் பிரிவுக் கண்காணிப்பாளர் என்று கதவில் பலகை தொங்கியது. அதை யார் படித்தார்கள்? புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர்கூட ஒரு மாதத்துக்குள் கதவைத் தள்ளி, "கறார் அக்கா இருக்காங்களா?" என்று தலையை நீட்டுவார். அவள் நிமிராமலேயே "இருக்கேன், என்ன வேணும்?" என்பாள். அந்தப் பட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் அறையில் மாணவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. அவள்தான் அதைத் தூக்கிப் பழைய விடைத்தாள்கள் கிடக்கும் உள்ளறையில் போடச் சொன்னாள். உட்கார வைத்தால் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி. அட்டெண்டன்ஸ் குறைந்து ஹால் டிக்கெட் கிடைக்காமல் வருகிறவன் கதையில்லாமல் வருவானா? காய்ச்சல், விபத்து, பஸ் வரவில்லை, அண்ணனுக்குக் கல்யாணம். நின்றுகொண்டு சொன்னால் சீக்கிரம் முடியும். ஆனாலும் அவளைக் கெட்டவள் என்று ஒருவரும் சொன்னதில்லை. சிபாரிசோடு வந்தவனுக்கும் கையைப் பிசைந்துகொண்டு வந்தவனுக்கும் அவளிடம் ஒரே பதில்தான். கொடுக்க வேண்டிய சான்றிதழை ஒரு பொழுதுகூடத் தாமதிக்க மாட்டாள்.

இந்தக் கறார் அவளுக்கு வீட்டிலிருந்து வந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மேல தூக்கி விட்டேன், நான் மட்டும் இன்னும் தரையில" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். பாசத்தை நேராகச் சொல்லத் தெரியாத மனிதர். பிள்ளைகள் எங்கேயிருந்து வீடு வந்து சேர்ந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது திட்டுதான். "இந்த வெயில்ல ஏன் வந்தே? அங்க உனக்கு வேலை வெட்டி இல்லையா?" என்று பொரிந்து தள்ளுவார். பொரிந்துகொண்டே மின்விசிறியை வந்தவர் பக்கம் திருப்பி வைப்பார், பையை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். திட்டு எவ்வளவு நீளமோ, வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் அவர் திட்டாமல் "வாம்மா" என்று சொன்னபோது, உடம்பு சுடுகிறதா என்று அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அக்காதான் எல்லாம். தலை வாரி விட்டாள், வீட்டுப்பாடம் எழுத வைத்தாள், மதிப்பெண் குறைந்தபோது அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். கல்லூரியில் தட்டச்சராக வேலை கிடைத்து அவள் வேறு ஊருக்குப் போனாள், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த அவள் கணவர் அதிர்ந்து பேசாதவர். தம்பி அப்பாவோடு சொந்த ஊரிலேயே இருந்தான்.

தம்பி மக்கு இல்லை, சோம்பேறி. பட்டப்படிப்பில் எல்லாப் பாடத்தையும் ஒப்பேற்றிவிட்டுப் புள்ளியியலில் மட்டும் கவிழ்ந்தான். திரும்ப எழுதினான், திரும்பக் கவிழ்ந்தான். கடைசியில் அந்த ஒற்றை அரியரைத் தூக்கிக்கொண்டே ஒரு உதிரிபாகக் கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டான். இதற்குள் அப்பா ஒரு காரியம் செய்திருந்தார். பையன் பட்டம் வாங்கிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். யாராவது "சர்டிபிகேட்டைக் காட்டுப்பா" என்றா கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்து மருந்துக்கடைக்காரர் "பட்டதாரி, வாங்க" என்று கூப்பிடும்போதெல்லாம் தம்பி தலையைக் குனிந்துகொள்வான். அப்பாவுக்கும் அது தெரியும். "நான் பொய்யனாச் சாகக்கூடாதுடா" என்று சிரிப்பாகத்தான் சொல்வார். அந்தச் சிரிப்பு அவளுக்குத்தான் தைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் குறும்படிப்புகள் வந்தன. செமஸ்டர் முழுக்க நடத்தும் பாடத்தை மூன்றே வாரத்தில், காலையிலிருந்து மாலை வரை நடத்தி, கடைசி வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்து முடித்துவிடுவது. அதே பல்கலைக்கழகத்தின் எந்தக் கல்லூரியிலும் அரியர் வைத்திருப்பவர்கள், வேலையில் லீவு போட்டுப் படிப்பவர்கள், இவர்களுக்காக. பழைய பாடத்திட்டத்தில் பாக்கி வைத்தவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, இதற்குப் பிறகு அந்தப் பாடத்திட்டமே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். செய்தி வந்த அன்றே அவள் தம்பியை நினைத்தாள். ஆனால் முதலில் விதிமுறைகளை எழுத வேண்டும். அதற்கு ஒரு குழு போட்டார்கள்.

குழு என்றால் தெரியாதா? பிஸ்கட் தட்டு காலியாகும் வரை எல்லோருக்கும் கருத்து இருக்கும், காலியான பிறகு எல்லோருக்கும் வேலை இருக்கும். துணை முதல்வர் தலைமை. வேதியியல்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "பார்ப்போம்" என்றார். எல்லோருக்கும் ஒரே பயம்தான்: மூன்று வாரத்தில் பாடம் முடிப்பதைப் பார்த்து ஊர் சிரிக்கும், மார்க்கு விற்கிறார்கள் என்று பேசும். சேர்க்கை, வகுப்பு நேரம், செய்முறைத் தேர்வு எல்லாம் ஒருவாறு முடிந்தது. அட்டெண்டன்ஸில் வந்து வண்டி நின்றது.

விளக்கியது அவள்தான். சாதாரண செமஸ்டரில் ஒரு வாரம் நடக்கிற பாடம் இதில் ஒரே நாளில் நடந்துவிடுகிறது. அப்படியானால் ஒரு நாள் என்பது ஒரு வாரம். ஒரு நாள் வராதவனைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது நாளும் வராதவன் இரண்டு வாரப் பாடத்தைப் படிக்கவே இல்லை, அவனை எந்த முகத்தோடு பரீட்சைக்கு விடுவது? ஆகவே ஒரு நாள் அனுமதி, இரண்டாம் நாள் பெயர் நீக்கம். காரணம் கேட்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது. கேட்டால்தான் பொய் சொல்வார்கள், கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்றாள். வேதியியல்காரர்கூட "பார்ப்போம்" சொல்லாமல் தலையாட்டினார்.

புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை ஒருத்திதான் மெல்லக் கையைத் தூக்கினாள். வீட்டில் சாவு என்றால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"மேடம், என் டேபிளுக்கு வந்த ஒரே பையனுக்கு ஒரே வருஷத்துல மூணு தாத்தா செத்திருக்காங்க. நாலாவது தாத்தாவை அடுத்த செமஸ்டர்ல எதிர்பார்க்கிறேன்" என்றாள் அவள்.

அறையே குலுங்கிச் சிரித்தது. துணை முதல்வருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆங்கில ஆசிரியையும் சிரித்தாள், வேறு வழியில்லாமல். சிரித்து முடித்தபோது விதியும் முடிந்திருந்தது. அதைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தவளும் அவளேதான். "காரணம் கேட்கப்படாது, ஏற்கப்படவும் மாட்டாது" என்ற வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள். சுத்தமான வரி என்று தோன்றியது.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் தயங்கினான். இந்த வயசில் பெஞ்சில் போய் உட்காருவதா என்றான். அவள் விடுவாளா? கடையில் லீவு சொல்ல வைத்து, இழுத்துக்கொண்டு வந்து தன் வீட்டு முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். அப்பா போனில் வழக்கம்போலத் திட்டினார், முதல் தடவையே ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த அலைச்சல் உண்டா என்று. திட்டு நீளமாக இருந்தது. அக்காவும் தம்பியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

சேர்கிற அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள். "இங்க நீ எனக்குத் தம்பி இல்ல. ஒரு நாள்தான். ரெண்டாவது நாள் நானே உன் பேரை அடிப்பேன்." அவன் "உன் கையால அடி வாங்கறது எனக்குப் புதுசா?" என்றான்.

முதல் வாரத்திலேயே அவனுக்குப் பல் வலி வந்தது. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான், ஒரு நாள் போயிற்று. இருந்த ஒரு நாளையும் கடைவாய்ப்பல் தின்றுவிட்டது என்று அவள் கணவர் கேலி செய்தார். அதற்குப் பிறகு தம்பி மாறிவிட்டான். விடியும் முன்பே எழுந்து கணக்குப் போட்டான். சராசரி, திட்டவிலக்கம் என்று சாப்பிடும்போதும் முணுமுணுத்தான். மாலையில் அப்பாவுக்குப் போன் போட்டு அன்றைக்கு என்ன படித்தான் என்று பள்ளிக்கூடப் பையனைப்போல ஒப்பிப்பான். இரண்டாம் வாரத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவள் அலுவலகத்தில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி வாரத் திங்கட்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது, சொந்த ஊரிலிருந்து மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். அப்பா கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாராம், அவள் உடனே வர வேண்டும். தம்பி அப்போதுதான் வகுப்புக்குப் போயிருந்தான். கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தான். கல்லூரிக்குப் போய் வகுப்புக் கதவைத் தட்டினால் போதும்.

அவள் தட்டவில்லை. சொந்த ஊர் பக்கத்தில் இல்லை, ஒரு பகல் முழுக்கப் பஸ் பயணம். போனால் ஒரு நாள் நிச்சயம் போகும். ஒரு நாள் போனால் பெயர் போகும், பெயர் போனால் பட்டம் என்றைக்கும் இல்லை. நெஞ்சு வலி யாருக்குத்தான் வரவில்லை, முதலில் நாம் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தாள். கணவரிடம் சொல்லிவிட்டு அவள் மட்டும் பஸ் ஏறினாள். தம்பிக்கு ஆடிட் வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லச் சொன்னாள். அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லிடலாமே. அவன் முடிவு பண்ணட்டும்." அவள் கேட்கவில்லை. அவன் என்ன முடிவு பண்ணுவான் என்று அவளுக்குத் தெரியாதா? ஓடி வந்துவிடுவான். அதுதான் பயம்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை லிஃப்டுக்கு எதிரே இருந்த அறையில் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. பெரிய உடம்பு, ஒரே நாளில் சின்னதாகிவிட்டதுபோல இருந்தது. மருத்துவர் அவளை வெளியே கூப்பிட்டு, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். இப்படி மருத்துவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்ல முடியாது என்றால் பிழைக்கவும் பிழைக்கலாம் என்றுதானே?

அன்று இரவு தம்பி அப்பாவின் போனுக்கு அடித்தான். அது அவள் கைப்பையில் கிடந்து அடித்தது. பிறகு அவளுக்கே அடித்தான். அப்பாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, மருந்துக்கடைக்காரர் சொன்னார், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார்களாம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். காரணம் கேட்டால் பொய் சொல்வார்கள் என்று குழுவில் பேசியவள் அவள்தான். கேட்காதபோதும் பொய் சொல்ல வேண்டிவந்தது. அது எவ்வளவு சரளமாக வந்தது என்பதுதான் அவளைச் சுட்டது.

அப்பாவுக்கு நினைவு தெளிந்த நேரத்தில் முதலில் கேட்டது அவனைத்தான். அவன் வகுப்பில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை பரீட்சை, முதல் மார்க்கு வாங்கியிருக்கிறான் என்று அவள் காதருகில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அது பொய்யில்லை, நிஜமாகவே மலர்ந்தது. "இருக்கட்டும். கெடுத்துடாதே" என்றார். இந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இதைத்தான்: அப்பாவே சொன்னார்.

ஆனால் அப்பா அதோடு நிறுத்தவில்லை. எதிரே லிஃப்ட் ஒவ்வொரு தடவை அந்த மாடியில் வந்து நிற்கும்போதும் அவர் கண் கதவுப் பக்கம் போயிற்று. ஆயுள் முழுக்க லிஃப்டோடு வாழ்ந்தவர். எந்த மாடியில் கிளம்புகிறது, எங்கே நிற்கும் என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். அது கீழே கிளம்பும்போதே அவர் தயாராகிவிடுவார். கதவு திறக்கும், நர்ஸோ வண்டி தள்ளுகிறவரோ இறங்கிப் போவார்கள், அவர் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் மறுபடி கிளம்பும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்தும் போனை எடுக்கவில்லை.

புதன்கிழமை அவர் குரல் மிகவும் இறங்கிவிட்டது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றார்.

"புதன்பா."

லிஃப்ட் வந்து நின்றது, யாரோ போனார்கள். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்றார் மறுபடியும்.

வெள்ளிக்கிழமை வரை தாங்குமா என்று அவர் பார்க்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போதே கூப்பிட்டுவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். இப்போது கூப்பிட்டால் நாளைக் காலையில் வந்து சேருவான். இன்னும் இரண்டே நாள், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்பா வாயாலேயே கெடுத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறார். போனைத் திரும்பப் பையில் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா போய்விட்டார். லிஃப்ட் அப்போது வேறு ஏதோ மாடியில் நின்றிருந்தது.

அப்புறம் அவள் செய்ததை அவளைப் பெற்றவரேகூட மன்னித்திருப்பாரா என்று தெரியவில்லை. அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள், நர்ஸ் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. ஆனால் அழுது முடித்து எழுந்ததும் அவளுக்குள் இருந்த கறார் அக்காவும் கூடவே எழுந்துகொண்டாள். போனது போய்விட்டது, அவர் ஆசையாவது நிறைவேறட்டும், அவரைப் பொய்யனாக அனுப்பக்கூடாது. அப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். கணவருக்குப் போன் போட்டாள். அவர் எதிர்முனையில் அழுதார். "இப்பவாவது சொல்லிடு" என்று கெஞ்சினார்.

"நாளைக்குப் பரீட்சை முடிஞ்சு வெளியில வரட்டும். கேட்டுல நின்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை தம்பி பரீட்சை எழுதினான். அப்பா இல்லை என்று தெரியாமல், கடைசிக் கேள்விக்கு விடை எழுதி, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மாமா கேட்டில் நிற்பதைப் பார்த்ததும், "சூப்பரா எழுதியிருக்கேன் மாமா. அப்பா போன் சரியாச்சா? அவருக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றானாம். அவள் கணவர் இதை அவளிடம் பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தம்பி வந்து அப்பாவைப் பார்த்தான். அடக்கம் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள். மருந்துக்கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்து, "எல்லாம் நல்லபடியா எழுதினியாப்பா?" என்று கேட்டார். அவருக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அத்தனை வருஷப் பொய்யும் அந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்து விழுந்தது, அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவும் இல்லை. எதற்காக இவ்வளவும் என்று அவளுக்கு அப்போது முதல்முறையாகத் தோன்றியது.

மாலையில் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பி அவளைக் கூப்பிட்டான். குரலில் கோபமில்லை.

"அப்பா என்னைக் கேட்டாரா அக்கா?"

இதிலாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதுவரை அவ்வளவு சரளமாக வந்த பொய் அப்போது வரவில்லை. "கேட்டார்" என்றாள்.

அவன் தலையாட்டினான். "அந்த ரூலை எழுதினது நீதானே? எனக்காக ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?"

"தம்பிக்காக மாத்திட்டேன்னு பேசுவாங்கடா."

"பேசிட்டுப் போகட்டுமே அக்கா" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம், அவன் சண்டையும் போடவில்லை. புள்ளியியலில் நல்ல மதிப்பெண்ணில் தேறினான். பட்டச் சான்றிதழ் வந்தது. எடுத்துக்கொள்ள வரவில்லை, அனுப்பச் சொல்லவும் இல்லை. அது அவள் மேசையின் மேல் இழுப்பறையில் கிடக்கிறது. அவள் வாரம் தவறாமல் போன் போடுவாள். முழுக்க அடித்து ஓயும். அவன் நன்றாக இருக்கிறான், கடைக்குப் போகிறான் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். அவன் வெறுக்கவில்லை, பேச ஒன்றுமில்லை அவனுக்கு, அவ்வளவுதான் என்று கணவர் தேற்றுவார். அது தேறுதலா?

அடுத்த ஆண்டு விதிமுறைகளைத் திருத்தும் கூட்டம் வந்தது. அதே அறை, அதே பிஸ்கட் தட்டு. ஆங்கில ஆசிரியை போன தடவை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நெருங்கிய உறவில் சாவோ ஆபத்தான நோயோ என்றால் விலக்கு வேண்டும், தவறிய பாடத்தை அடுத்த வாரம் தனியாக நடத்திக் கொடுக்கலாம், தானே நடத்தத் தயார் என்றாள். வேதியியல்காரர் சிரித்தார். கறார் அக்காவுக்கு உதவியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நாலாவது தாத்தா என்ன ஆனார்? வந்தாரா இல்லையா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். துணை முதல்வர் சிரிக்கவில்லை. அவருக்கு விஷயம் தெரியும்.

அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து பேசியதே கிடையாது.

"அந்த ஜோக்கை நான்தான் சொன்னேன் சார். அந்த மூணு தாத்தாவுல ஒருத்தர் நிஜமாவே செத்திருப்பார். நான் அதை யோசிக்கல" என்றாள். பிறகு, "மேடம் சொல்றபடி எழுதிடலாம். அத்தாட்சி எதுவும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஏமாற்றுவார்களே என்று யாரோ முனகினார்கள். ஏமாற்றிவிட்டுப் போகட்டும் என்றாள். தட்டில் பிஸ்கட் அப்படியே இருந்தது.

விலக்கு வந்த பிறகு முதலில் அவள் மேசை முன்னால் வந்து நின்றவள் ஒரு சின்னப் பெண். குறும்படிப்பின் நடு வாரம். ஒரு நாளை ஏற்கெனவே காய்ச்சலில் விட்டிருந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், எப்படி இருக்கிறார் என்று சரியாகத் தெரியவில்லை, போகலாமா கூடாதா என்று கேட்டாள். எழுத்தர் பழக்க தோஷத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்றார். "அதெல்லாம் வேண்டாம். நீ கிளம்பு" என்று கறார் அக்கா அதட்டினாள். அந்தப் பெண் நம்பாமல் நின்றாள். "இன்னும் என்ன நிக்கிறே? போம்மா, பஸ் போயிடும்" என்று கதவு வரை கொண்டுபோய் விட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் திரும்பி வந்தாள். அவளுக்காகக் கறார் அக்காவே உள்ளறையிலிருந்து அந்தப் பழைய நாற்காலியை எடுத்துவந்து, தூசி தட்டிப் போட்டாள். அந்தப் பெண் நுனியில் உட்கார்ந்தாள். முகத்தில் குற்ற உணர்ச்சி.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல மேடம். வாயுத் தொல்லையாம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான்தான் பயந்துபோய்ச் சும்மா நாளை வீணாக்கிட்டேன். சாரி மேடம்."

"நீ போய் நின்னதும் அப்பா என்ன சொன்னார்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஒரே திட்டு மேடம். இதுக்குப் போய் ஏன் வந்தே, உன் க்ளாஸ் என்ன ஆச்சுன்னு, அங்க இருந்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி திட்டினார்."

அவள் தனி வகுப்புக்கான நேரத்தை எழுதிக் கொடுத்து அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தாள். கதவு சாத்திய பிறகும் பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா கெடுத்துவிடாதே என்று சொன்னது நிஜம்தான். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் லிஃப்ட் கதவு திறந்து தம்பி வந்து நின்றிருந்தால், அப்பா அந்த இறங்கிய குரலிலும் கட்டாயம் திட்டியிருப்பார். ஏன்டா வந்தே, உனக்கு அறிவிருக்கா, பரீட்சை என்னடா ஆச்சு என்று மூச்சு வாங்கத் திட்டியிருப்பார். அந்தத் திட்டுக்காகத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்தார். தம்பிக்குச் சேர வேண்டியிருந்த அந்தக் கடைசித் திட்டை அவள் சேரவிடாமல் தடுத்துவிட்டாள். அதை ஈடுகட்ட எந்தக் குழுவாலும் விதி எழுத முடியாது.

போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. எதிரே அந்த நாற்காலி காலியாக இருந்தது. மறுபடியும் போட்டாள்.